ஃபாரின் கீ ஏற மறுக்கிறதா? சில பயனுள்ள குறிப்புகள்

பில் இருக்கிறது, அந்தப் பில்லுக்கு உரிய வாடிக்கையாளர் எங்கும் இல்லை. இப்படி ஒரு நிலை வரவே கூடாது என்பதற்காகத்தான் ஃபாரின் கீ. எட்கர் எஃப். காட் ஐபிஎம்மில் இருந்தபோது 1970-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும், புதிதாக டேட்டாபேஸ் பழகுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். காரணங்கள் ஒரு கைப்பிடிதான். ஆனால் பிழைச் செய்தி காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவதால் பாதி நாள் போய்விடுகிறது.

கீழே உள்ளவை பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி பயன்படுத்துகிறவர்களுக்கு. மற்றவற்றுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. தாய் டேபிளின் பெயர் ‘கஸ்டமர்ஸ்’, சேய் டேபிளின் பெயர் ‘பில்ஸ்’ என்று வைத்துக்கொள்வோம். பில்ஸில் உள்ள ‘கஸ்டமர்_ஐடி’, கஸ்டமர்ஸில் உள்ள ‘ஐடி’யைச் சுட்ட வேண்டும்.

1. பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசகத்தை விட எண் அதிகம் பேசும். மைஎஸ்க்யூஎல் 8-இல் 3780 வந்தால் இரண்டு நெடுவரிசைகளின் வகை பொருந்தவில்லை. 1822 என்றால் தாய் டேபிளில் தேவையான இண்டெக்ஸ் இல்லை. 1824 என்றால் தாய் டேபிளையே திறக்க முடியவில்லை. 1826 என்றால் அதே பெயரில் ஒரு கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 1830 என்றால் ‘நல்’ ஏற்காத நெடுவரிசைக்கு ‘நல்’ வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். 1452 என்றால் கட்டளையில் குற்றமில்லை, உள்ளே இருக்கும் தகவலில்தான் குற்றம். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தால் போதும்.

2. பழைய பதிப்புகளில் இந்த வசதி கிடையாது. 5.6, 5.7 இரண்டிலும் பெரும்பாலும் 1215 என்ற ஒரே எண்தான், ‘ஃபாரின் கீயைச் சேர்க்க முடியவில்லை’ என்பதோடு சரி. அதற்கும் முந்தியவற்றிலும் மரியாடிபியிலும் 1005 வரும்; கூடவே 150 என்ற உள் எண்ணும் வரும். அப்போது ‘ஷோ இஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்’ என்று கேளுங்கள். பக்கம் பக்கமாக வரும் பதிலில் ‘லேட்டஸ்ட் ஃபாரின் கீ எரர்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். எந்த நெடுவரிசையில் சிக்கல் என்று அங்கே எழுதியிருக்கும். இதைப் பார்க்க ‘பிராசஸ்’ என்ற உரிமை வேண்டும். பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் இருக்காது. பிழை வந்தவுடன், வேறெந்தக் கட்டளையும் கொடுக்கும் முன், ‘ஷோ வார்னிங்ஸ்’ கேட்டுப் பாருங்கள். மரியாடிபியில் அதிலேயே விவரம் கிடைத்துவிடும்.

3. எதையும் மாற்றும் முன் இரண்டு டேபிள்களுக்கும் ‘ஷோ கிரியேட் டேபிள்’ கொடுத்து, வரும் விடைகளை அருகருகே வையுங்கள். நீங்கள் எழுதிய மைக்ரேஷன் கோப்பை நம்பாதீர்கள், நினைவையும் நம்பாதீர்கள். டேட்டாபேஸ் இப்போது எப்படி இருக்கிறது என்பதை அந்த விடை மட்டுமே சொல்லும். நான் பார்த்தவரை, இப்படி அருகருகே வைத்த மாத்திரத்திலேயே பெரும்பாலான சிக்கல்கள் கண்ணில் பட்டுவிடுகின்றன.

4. வகைப் பொருத்தம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முழு எண் வகைகளில் இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். தாய் ‘பிக்இண்ட்’, சேய் ‘இண்ட்’ என்றால் ஏறாது. தாய் ‘அன்சைன்ட்’, சேய் வெறும் ‘இண்ட்’ என்றாலும் ஏறாது. இந்த ‘அன்சைன்ட்’ ஒரே ஒரு சொல்தான், வரியின் நடுவே கிடப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். டெசிமல் வகைக்கும் இதே விதி: மொத்த இலக்கம், புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கம் இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

இந்தப் பொருத்தமின்மை நம் கவனக் குறைவால் மட்டும் வருவதில்லை. குறியுள்ள ‘இண்ட்’ 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் எண்ணும். பெரிய தளங்கள் அந்த எல்லையை எட்டத் தொடங்கியதால் ஃபிரேம்வொர்க்குகள் ஒவ்வொன்றாக ‘பிக்இண்ட்’டுக்கு மாறின. ரெயில்ஸ் 5.1 பதிப்பில் மாறியது, லாரவெல் 5.8-இல் மாறியது. ஜாங்கோ 3.2 முதல், புதிதாகத் தொடங்கும் திட்டங்களுக்கு அதுவே இயல்பானது. ஆகவே பழைய பாடக்குறிப்பைப் பார்த்துச் சேய் டேபிளை எழுதுகிறவர் ‘இண்ட்’ போடுகிறார்; ஃபிரேம்வொர்க் தானாகவே உருவாக்கிய தாய் டேபிளில் ‘பிக்இண்ட்’ (லாரவெல் என்றால் ‘பிக்இண்ட் அன்சைன்ட்’) இருக்கிறது. லாரவெல் பயன்படுத்துகிறவர்கள் ‘ஃபாரின்ஐடி’ என்ற முறையை எழுதினால் வகை தானாகவே பொருந்திவிடும். அது 7-ஆம் பதிப்பு முதல் உண்டு.

5. மைஎஸ்க்யூஎல்லில் ‘சீரியல்’ என்று எழுதினால் அது ‘பிக்இண்ட் அன்சைன்ட்’ ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் அதே சொல் சாதாரண ‘இன்டிஜர்’. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஸ்கிரிப்டை எடுத்துச் செல்கிறவர்கள் இந்த ஒரு சொல்லைத் தனியாகத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

6. தேவையில்லாமல் கவலைப்பட வேண்டாதவை: ‘இண்ட்(10)’, ‘இண்ட்(11)’ என்ற அடைப்புக்குறி எண் வேறுபாடு ஃபாரின் கீயைப் பாதிக்காது. அது காட்சி அகலம் மட்டும்தான். எழுத்து நெடுவரிசைகளில் ஒரு பக்கம் 50, மறுபக்கம் 100 என்று நீளம் வேறுபட்டாலும் தடையில்லை.

7. ஆனால் எழுத்து நெடுவரிசையில் கேரக்டர் செட்டும் கொலேஷனும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். தமிழில் தகவல் வைத்திருப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். மைஎஸ்க்யூஎல் 8 வரும் முன் இயல்பான கேரக்டர் செட் லத்தீன்1. அதில் தமிழ் எழுத்து நிற்காது, கேள்விக்குறிகளாகிவிடும். அதனால் பல இடங்களில் தமிழ்ப் பெயர் வரும் டேபிளை மட்டும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். பிறகு ‘ஊர்க் குறியீடு’ மாதிரி ஓர் எழுத்து நெடுவரிசையால் அந்த இரண்டையும் இணைக்கப் போனால் மறுக்கிறது. எழுத்துகள் ஆங்கிலமாகவே இருந்தாலும் மறுக்கும்.

இரண்டுமே யூடிஎஃப்8எம்பி4 என்றாலும் நிம்மதி கொள்ள முடியாது. 8-இல் பிறந்த டேபிளுக்கு இயல்பான கொலேஷனின் பெயரில் ‘0900’ இருக்கும். 5.7-இலிருந்து வந்த டேபிளில் ‘ஜெனரல்’ அல்லது ‘யூனிகோட்’ என்றிருக்கும். இதுவும் பொருத்தமின்மைதான். முழு டேட்டாபேஸையும் ஒரே கொலேஷனுக்குக் கொண்டுவருவதே சரி. ஏற்கெனவே எழுத்து நெடுவரிசையில் ஃபாரின் கீ இருந்தால் முதலில் அதை நீக்கி, இரு டேபிள்களையும் மாற்றி, பிறகு மறுபடி போடுங்கள். புதிதாக வடிவமைக்கிறவர்களுக்கு என் யோசனை: இணைப்பை எண்ணால் வையுங்கள், பெயரும் குறியீடும் படிப்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

8. தாய் டேபிளில் சுட்டப்படும் நெடுவரிசை பிரைமரி கீயாகவோ யூனிக் கீயாகவோ இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி இஞ்சின் நெடுநாளாக யூனிக் இல்லாத சாதாரண இண்டெக்ஸையும் ஏற்றுக்கொண்டிருந்தது. அது எஸ்க்யூஎல் தரத்துக்கு மாறானது. 2024-இல் வந்த 8.4 பதிப்பில் இயல்பாகவே அதைத் தடுத்துவிட்டார்கள். 5.7-இலும் 8.0-இலும் ஓடிய ஸ்கிரிப்ட் 8.4-இல் நின்றால் இதை முதலில் சந்தேகப்படுங்கள். தடையை நீக்க ஓர் அமைப்பு உண்டு என்றாலும், யூனிக் கீ போடுவதே நேர்மையான தீர்வு. போட முடியவில்லை என்றால் தாய் டேபிளில் இரட்டைப் பதிவுகள் இருக்கின்றன என்று பொருள். அதைத் தீர்க்காமல் மேலே போவதில் பயனில்லை.

9. இரண்டு மூன்று நெடுவரிசைகள் சேர்ந்த கீ என்றால் வரிசை முக்கியம். தாய் டேபிளின் இண்டெக்ஸ் (கிளை, பில் எண்) என்று இருக்கும்போது பில் எண்ணை மட்டும் சுட்ட முடியாது. அது இண்டெக்ஸின் முதலில் இல்லை. இரண்டையும் அதே வரிசையில் சுட்டுங்கள்.

10. இரண்டு டேபிள்களும் இன்னோடிபிதானா? 5.5 பதிப்புக்கு முன் இயல்பான இஞ்சின் மைஐஸாம். அதில் ஃபாரின் கீ எழுதினால் பிழையே வராது. கட்டளையைப் படித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். பிழை காட்டும் டேபிளை விட இப்படி மௌனமாக ஏற்றுக்கொள்ளும் டேபிளே ஆபத்தானது. ‘ஷோ கிரியேட் டேபிள்’ விடையின் கடைசி வரியில் இஞ்சின் பெயர் இருக்கும்.

11. இதே மௌனம் இன்னோர் இடத்திலும் உண்டு. நெடுவரிசையின் பக்கத்திலேயே ‘ரெஃபரன்சஸ் கஸ்டமர்ஸ்’ என்று சுருக்கமாக எழுதுவது போஸ்ட்கிரெஸ்ஸில் செல்லும். மைஎஸ்க்யூஎல் 8 வரை அதைக் கண்டுகொள்ளாது; 9.0 பதிப்பிலிருந்துதான் மதிக்கிறது. மரியாடிபி 10.5 முதல் மதிக்கிறது. எந்தப் பதிப்பில் ஓடுமோ தெரியாது என்றால் ‘ஃபாரின் கீ’ என்று தனி வரியாகவே எழுதுங்கள்.

12. தாய் முதலில், சேய் பிறகு. 1824 வந்தால் பெரும்பாலும் வரிசை மாறியிருக்கும். லாரவெல்லில் கோப்பின் பெயரில் உள்ள தேதி, நேரத்தைப் பார்த்துத்தான் மைக்ரேஷன்கள் ஓடும். பில்ஸ் கோப்பை முந்திய தேதியில் உருவாக்கியிருந்தால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு டேபிள்கள் ஒன்றையொன்று சுட்டும் நிலை என்றால் (துறைக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு துறை) முதலில் இரண்டையும் ஃபாரின் கீ இல்லாமல் உருவாக்கி, பிறகு ‘ஆல்டர் டேபிள்’ மூலம் சேர்க்க வேண்டும்.

13. வரிசையும் சரி, டேபிளும் இருக்கிறது, ஆனாலும் 1824 என்றால் பெயரைப் பாருங்கள். விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை, லினக்ஸில் பார்க்கும். சொந்தக் கணினியில் ஓடி சர்வரில் நிற்கும் ஸ்கிரிப்ட்களுக்கு இது ஒரு வழக்கமான காரணம். டேட்டாபேஸ் பெயரையும் டேபிள் பெயரையும் சேர்த்து ஒரே சாய்வு மேற்கோளுக்குள் அடைத்திருந்தாலும் இதே பிழைதான்: புள்ளியும் பெயரில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்ளும். தனித்தனியாக அடையுங்கள்.

14. கட்டுப்பாட்டின் பெயர் மைஎஸ்க்யூஎல்லில் ஒரு டேட்டாபேஸ் முழுக்க ஒரே முறைதான் வரலாம். ‘எஃப்கே_கஸ்டமர்’ என்று பில்ஸில் வைத்துவிட்டு ரசீதுகள் டேபிளிலும் அதையே வைத்தால் 1826 வரும். பழையவற்றில் 121 என்ற உள் எண் வரும். சேய் டேபிளின் பெயரையும் நெடுவரிசையின் பெயரையும் சேர்த்து வைப்பது நல்ல வழக்கம். 64 எழுத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

15. ‘ஆன் டெலீட் செட் நல்’ என்று எழுதினால், அந்த நெடுவரிசை ‘நல்’ ஏற்பதாக இருக்க வேண்டும். ‘செட் டிஃபால்ட்’ என்பதை இன்னோடிபி ஏற்காது.

16. டெக்ஸ்ட், பிளாப் வகை நெடுவரிசைகளில் ஃபாரின் கீ போட முடியாது. தற்காலிக டேபிளிலும் முடியாது. பார்ட்டிஷன் செய்த இன்னோடிபி டேபிளால் வேறொன்றைச் சுட்டவும் முடியாது, அதைச் சுட்டவும் முடியாது. இவற்றுக்குச் சுற்றுவழி கிடையாது. வடிவமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

17. எல்லாம் சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்று வந்தால், தாய் டேபிளின் மேல் ‘ரெஃபரன்சஸ்’ உரிமை உங்கள் யூசருக்கு இருக்கிறதா என்று நிர்வாகியைக் கேளுங்கள்.

18. இனி 1452. தகவல் ஏற்கெனவே நிறைந்த டேபிளில் ஃபாரின் கீயைச் சேர்க்கும்போது வருவது இது. பில்ஸில் ஏதோ ஒரு பதிவு, இல்லாத வாடிக்கையாளரைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. இதைத் தடையாக நினைத்து எரிச்சலடைகிறவர்கள் பலர். உண்மையில் இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் இருந்த ஓட்டையை டேட்டாபேஸ் உங்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

அநாதைப் பதிவுகளைக் கண்டுபிடிக்க பில்ஸிலிருந்து கஸ்டமர்ஸுக்கு ‘லெஃப்ட் ஜாயின்’ போடுங்கள். பில்ஸின் கஸ்டமர்_ஐடி ‘நல்’ ஆக இல்லாமலும், கஸ்டமர்ஸின் ஐடி ‘நல்’ ஆகவும் உள்ளவற்றை மட்டும் எடுங்கள். வரும் பட்டியலை உடனே அழித்துவிடாதீர்கள். தனி டேபிளில் ஒரு நகல் வைத்துக்கொண்டு ஆராயுங்கள்.

பட்டியல் முழுக்கச் சுழியமாக இருக்கிறதா? ‘வாடிக்கையாளர் பெயர் தெரியாது’ என்பதற்குப் பழைய மென்பொருள்கள் சுழியம் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. டேட்டாபேஸுக்குச் சுழியம் ஓர் எண், ‘நல்’ மட்டுமே வெறுமை. நெடுவரிசையை ‘நல்’ ஏற்பதாக மாற்றி, சுழியங்களை ‘நல்’ ஆக்கினால் ஃபாரின் கீ ஏறிவிடும்.

பல வேறு எண்கள் வருகின்றனவா? அப்படியென்றால் பெரும்பாலும் யாரோ வாடிக்கையாளர்களை நீக்கியிருக்கிறார்கள். பில் என்பது கணக்கு. வரிக் கணக்குக்கும் அது வேண்டும், கடன் பாக்கிக்கும் வேண்டும். ஃபாரின் கீ ஏற வேண்டும் என்பதற்காகப் பில்லை அழிப்பது தவறு. பழைய பேக்கப்பிலிருந்து அந்த வாடிக்கையாளர்களை அதே எண்ணோடு மீட்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் ‘விவரம் கிடைக்காத வாடிக்கையாளர்’ என்று ஒரு பதிவை உருவாக்கி அதன் கீழே கொண்டுவாருங்கள். பழைய எண்ணை ஒரு குறிப்பு நெடுவரிசையில் வைத்திருங்கள். எந்தப் பதிவை எங்கே சேர்ப்பது என்பதைக் கணக்குப் பார்க்கிறவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அது புரோகிராமர் தனியாக எடுக்கக்கூடிய முடிவு இல்லை.

19. ‘ஃபாரின் கீ செக்ஸை’ சுழியமாக்கிவிட்டுப் போடு என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் கோப்பின் தொடக்கத்தில் அது இருப்பதற்குக் காரணம் உண்டு: மீட்கும்போது டேபிள்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஏற வேண்டும். அன்றாட வேலைக்கு அது மருந்து இல்லை. வகைப் பொருத்தமின்மையை அது தீர்க்காது. அநாதைப் பதிவுகளை மட்டும் மறைக்கும். பிறகு அமைப்பை மறுபடி 1 ஆக்கினாலும், ஏற்கெனவே உள்ளே வந்த பதிவுகளை மைஎஸ்க்யூஎல் திரும்பிப் பார்த்துச் சோதிப்பதில்லை. ஃபாரின் கீ இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். உள்ளே குப்பை அப்படியே கிடக்கும்.

20. பெரிய டேபிளில் ஃபாரின் கீ சேர்ப்பதை வியாபார நேரத்தில் செய்யாதீர்கள். ‘ஃபாரின் கீ செக்ஸ்’ 1 ஆக இருக்கும்போது சேர்த்தால் மைஎஸ்க்யூஎல் முழு டேபிளையும் நகலெடுக்கும். அதுவரை யாரும் புதுப் பில் போட முடியாது. பேக்கப் எடுத்துவிட்டு, கடை மூடிய பிறகு செய்யுங்கள்.

21. மற்ற டேட்டாபேஸ்களுக்கு:

போஸ்ட்கிரெஸ்ஸில் தாய் நெடுவரிசை யூனிக்காக இல்லாவிட்டால் ஏறவே ஏறாது. ‘இன்டிஜர்’, ‘பிக்இண்ட்’ வேறுபாட்டை அது பொறுத்துக்கொள்ளும்; ‘இன்டிஜர்’, ‘யூயூஐடி’ என்றால் மறுக்கும். பெரிய டேபிளுக்கு ‘நாட் வேலிட்’ என்று சேர்த்துவிட்டு, பிறகு ‘வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட்’ மூலம் பழைய தகவலைச் சோதிக்கலாம். மிக நல்ல வசதி. ஒன்றை மறக்க வேண்டாம்: மைஎஸ்க்யூஎல் போல அது சேய் நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது. நீங்களே போடாவிட்டால் தாய் டேபிளில் ஒரு பதிவை நீக்குவதற்கே நெடுநேரம் ஆகும்.

எஸ்க்யூஎல் சர்வரில் 1776 என்றால் தாய் பக்கம் பிரைமரி கீயோ யூனிக் கீயோ பொருந்தவில்லை. 1785 என்றால், ஒரு டேபிளுக்கு இரண்டு வழியாக ‘கேஸ்கேட்’ போய்ச் சேர்கிறது, அல்லது சுற்றிவருகிறது. ஒரு வழியில் ‘நோ ஆக்‌ஷன்’ ஆக மாற்றுங்கள். ஆரக்கிளில் 02270 தாய் கீ பிரச்சினை, 02298 அநாதைப் பதிவுகள். எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் ‘பிராக்மா’ கட்டளையால் இயக்க வேண்டும்.

22. பிழை இல்லாமல் கட்டளை ஓடிவிட்டது என்பதோடு எழுந்துவிடாதீர்கள். ‘ஷோ கிரியேட் டேபிள்’ மறுபடி கொடுத்து, கட்டுப்பாடு உண்மையில் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பிறகு ஒரு ட்ரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, இல்லாத ஒரு வாடிக்கையாளர் எண்ணோடு ஒரு பில்லைப் போட முயலுங்கள். டேட்டாபேஸ் 1452 என்று மறுத்தால் உங்கள் ஃபாரின் கீ வேலை செய்கிறது. ஏற்றுக்கொண்டால் ‘ரோல்பேக்’ செய்துவிட்டு, 10-ஆம் குறிப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.